மாட்டியதற்குக் காசு, கண்டுபிடித்ததற்கு இல்லையா?



தை பிறக்கப் போகிறது. நம்மூர் சோலைமலை அழகர் பெருமாள் கோயில் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழாவுக்குக் கோவை, திருப்பூர், சென்னை என்று நாலா பக்கமும் இருந்து காரை எடுத்துக்கொண்டு வருவீர்கள். குழந்தைகளும் வயசானவர்களும் அதே வண்டியில் வருவார்கள். அதற்கு முன்னால் என் காரில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் நீளும். மணி அடித்த பிறகும் பத்து நிமிஷம் பாடம் எடுக்கிறவன்தான் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கார் நான் ஓய்வு பெற்ற 2013இல் வாங்கிய சின்ன பெட்ரோல் வண்டி. இந்த ஆடி மாதம் தொடக்கத்தில் காருக்குள் லேசாகப் பெட்ரோல் வாடை வந்தது. பங்கில் போடும்போது கொஞ்சம் சிந்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். வாடை போகவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எலுமிச்சை வாசனை டப்பா ஒன்றை வாங்கி முன்னால் தொங்கவிட்டேன். அது 150 ரூபாய். 34 வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் செய்த வைத்தியம் அதுதான்.

பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். வத்தலக்குண்டு போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். "தாத்தா, கார் நாறுது" என்று சொன்னாள். "பிள்ளைக்குக் கார் ஒத்துக்கலை" என்று நாங்கள் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அடுத்த தடவை அவளைப் பஸ்ஸில் கூட்டிப் போனோம். குழந்தை சரியாகத்தான் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வண்டியின் கீழே ஒரு சொட்டுகூட இல்லை. மைலேஜ் குறையவில்லை. மீட்டரில் இன்ஜின் விளக்கும் எரியவில்லை. ஆகவே கோளாறு இல்லை என்று என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டது.

புரட்டாசியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். எங்கே, யார் என்பது இங்கே வேண்டாம். அங்கிருந்த தம்பி பின்பக்கம் வந்து மோந்து பார்த்தார். "கேனிஸ்டர் போயிருச்சு சார், மாத்திருவோம்" என்றார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பில் 7,400 ரூபாய். ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்தேன். பில்லில் பார்ட் நம்பர் இருந்தது, வரி இருந்தது, பழைய டப்பாவைப் பையில் போட்டுக் கையிலும் கொடுத்தார்கள். மனசுக்கு நிறைவாக இருந்தது. இரண்டு வாரம் வாடையும் குறைந்திருந்தது. அப்புறம் பழையபடி வந்துவிட்டது. திரும்பப் போனால், "அப்ப டேங்க்கா இருக்கும் சார்" என்றார்.

இப்படியே கார்த்திகை வந்தது.

எங்கள் கார் ஷெட் வீட்டோடு ஒட்டியது. முன்னால் ஷட்டர், உள்ளே அடுப்படிக்குப் போகிற ஒரு கதவு. தீபத்தன்று சாயங்காலம் வீட்டம்மா வாசல், திண்ணை, கிணற்றடி எல்லாம் அகல் வைத்துவிட்டு, ஷெட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற நடைப்படியிலும் இரண்டு விளக்கை ஏற்றி வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து, புதுமனைப் புகுவிழாப் பத்திரிகை கொடுக்க ஒரு பழைய மாணவன் வந்தான். 2003ஆம் வருஷப் பத்தாம் வகுப்பு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். வத்தலக்குண்டு பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான்.

தட்டோடு உள்ளே வந்தவன் அப்படியே நின்றான். மூக்கை உறிஞ்சினான்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்த நடைப்படி விளக்கை மட்டும் மலையேத்திருங்க. சார், நீங்க ஷட்டரை நல்லாத் தூக்கி விடுங்க. லைட்டு சுவிட்ச் எதையும் தொடாதீங்க."

கார்த்திகை அன்றைக்கு ஏற்றிய விளக்கை அமர்த்தச் சொன்னால் எந்தப் பொம்பளைக்கு மனசு வரும்? வீட்டம்மா முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் அவன் குரலில் இருந்த பயத்தைப் பார்த்து, பூவை வைத்து இரண்டையும் அமர்த்தினாள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது. மூடிய இடத்தில் தரையோடு தவழ்ந்து, பள்ளம் பார்த்துத் தேங்கும். நம் அகல் விளக்கும் தரையில்தான் இருக்கும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும். நம்மூர் வெயிலில் எவ்வளவு கொடுக்கும் என்று நீங்களே யோசியுங்கள். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்கு ஆவி சேர்ந்தாலே ஒரு பொறி போதும். இவ்வளவும் எனக்குப் பாடமாகத் தெரியும். வாயுக்களின் அடர்த்தி பற்றி எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! என் வீட்டு நடைப்படிக்கு அந்தப் பாடம் வந்து சேரவில்லை.

மறுநாள் காலையில் வண்டியை அவனிடம் கொண்டுபோனேன். பானட்டைத் திறப்பதற்கு முன்னால் கேள்வி கேட்க ஆரம்பித்தான். வாடை காலையில் அதிகமா, ஓட்டி நிறுத்தின பிறகா? டேங்க் நிரப்பின அன்னைக்கா, எப்பவுமா? வண்டிக்கு வெளியே எந்தப் பக்கம்? கொடைக்கானல் ஏறும்போது கூடுதா? பங்கில் "ரவுண்டா போட்டுருங்க" என்று சொல்கிற பழக்கம் உண்டா?

யோசித்துப் பதில் சொன்னேன். முழு டேங்க் போட்ட இரண்டு மூன்று நாள் அதிகம். வலது பின்சக்கரத்துப் பக்கம் அதிகம். கேனிஸ்டர் மாற்றிய இரண்டு வாரம் வாடை குறைந்ததற்குக் காரணமும் அப்போதுதான் புரிந்தது. அந்த இரண்டு வாரமும் நான் 500 ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போட்டு ஓட்டியிருக்கிறேன்.

காரில் இந்த ஆவிக்கென்று ஒரு பாதை இருக்கிறது. டேங்கில் உண்டாகும் ஆவி குழாய் வழியாகக் கேனிஸ்டர் என்கிற கரி டப்பாவுக்குப் போகும். அதில் இருக்கிற கரித்தூள் ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். 1950களில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் புகைமூட்டத்துக்கு வண்டிகளின் பெட்ரோல் ஆவியும் ஒரு காரணம் என்று ஹாகன்ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். அதன் தொடர்ச்சியாக 1970 மாடல் கார்களில் இந்த ஏற்பாட்டைக் கலிபோர்னியா கட்டாயமாக்கியது. இந்தியாவிலும் மூடிய அறையில் காரை நிறுத்தி, வெளியேறும் ஆவி ஒரு சோதனைக்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது.

அமெரிக்கக் கார்களில் 1996 வாக்கிலிருந்து 1 மில்லிமீட்டர் ஓட்டை அளவு கசிந்தாலும் கணினி கண்டுபிடித்து விளக்கை எரியவிடும். 2000க்குப் பிறகு அரை மில்லிமீட்டருக்கே எரியும். என் வண்டி போன்ற நம்மூர்ப் பழைய கார்களில் அந்தக் கசிவுச் சோதனை கிடையாது. அதனால் விளக்கு எரியாததை வைத்துக் கசிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பரீட்சையில் கேட்கவே இல்லாத கேள்விக்குப் பையன் தப்பு விடவில்லை என்று சந்தோஷப்படுகிற மாதிரிதான் அது.

மாணவன் செய்ததைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினான். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினான். தீயணைப்பான் சிலிண்டரைப் பக்கத்தில் வைத்தான். பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தான். அது நன்றாக இருந்தது. பின்சீட்டைத் தூக்கிப் பெட்ரோல் பம்ப் மூடியைச் சுற்றி மோந்தான். அங்கேயும் இல்லை. புது கேனிஸ்டரைக் குழாயிலிருந்து பிரித்து, அதையும் டேங்கையும் தனித்தனியாகச் சோதித்தான். கேனிஸ்டர் பக்கம் சுத்தம். அப்படியானால் டேங்கிலிருந்து மூடி வரைக்கும் உள்ள பகுதியில்தான் கோளாறு.

பிறகு புகை மெஷினை எடுத்தான். மிகக் குறைந்த அழுத்தத்தில் வெள்ளைப் புகையைக் குழாய்க்குள் அனுப்பும் கருவி அது. டயருக்கு அடிக்கிற காற்றில் நூறில் இரண்டு பங்குகூட இருக்காது. அழுத்தம் கூடினால் நல்ல குழாயும் கிழிந்துபோகும். சாதாரணக் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் சேர்த்து அனுப்பினான், ஏனென்றால் டேங்குக்குள் ஆவி இருக்கிறது. இதையெல்லாம் சொல்வது உங்களை வீட்டில் செய்து பார்க்கச் சொல்வதற்காக அல்ல. ஊதுபத்தி, லைட்டர் என்று யாராவது கசிவு தேடப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பத்து நிமிஷம் கழித்து வலது பின்சக்கரத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டியைக் கழற்றி டார்ச் அடித்தான். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் பெரிய குழாயோடு, விரல் மொத்தத்தில் ஒரு சின்ன ரப்பர்க் குழாய் ஓடுகிறது. டேங்க் நிரம்பும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிற குழாய் அது. அதன் கிளிப்புக்கு அடியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. அதிலிருந்து ஊதுபத்திப் புகை போல ஒரு இழை நெளிந்து வந்தது. முழு டேங்க் இருந்தால் பெட்ரோலே அந்த இடம் வரைக்கும் ஏறி நனைக்கும். அதனால்தான் நிரப்பிய நாட்களில் வாடை அதிகம்.

பெட்ரோலுக்கென்று தயாரித்த குழாய், இரண்டு கிளிப், எல்லாம் 260 ரூபாய். தண்ணீர்க் குழாயோ, சுற்றுகிற டேப்போ, பசையோ இதற்கு உதவாது என்றான். மாட்டிய பிறகு மறுபடியும் புகைவிட்டுப் பார்த்து, வேறு எங்கும் கசிவு இல்லை என்று உறுதி செய்தான். மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"எவ்வளவுப்பா?" என்றேன்.

"சாமானுக்கு 260 சார். வேலைக்கு நீங்க பாத்துக் குடுங்க."

500 ரூபாய்த் தாள் ஒன்றைக் கொடுத்து, "மிச்சத்தை நீயே வச்சுக்கோ" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். வீட்டம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்:

"தப்பாச் சொன்னவருக்கு ஏழாயிரத்து நானூறு. சரியாக் கண்டுபிடிச்ச பிள்ளைக்கு இருநூத்து நாப்பது. இதுதான் நீங்க போட்ட மார்க்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. சாயங்காலம் திரும்பப் போனேன். அவன் வாங்க மறுத்தான். "உன் பீஸைச் சொல்லு, இல்லாவிட்டால் பத்திரிகைக்கு வரமாட்டேன்" என்று மிரட்டித்தான் 1,000 ரூபாயைக் கையில் திணிக்க முடிந்தது. அப்போது அவன் சொன்னதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

"சார், பாத்துச் சொன்னதுக்கு யாரும் காசு குடுக்கிறதில்லை. ஏழாயிரத்துக்குப் பில் போட்டா பேசாமக் குடுத்துட்டுப் போறவங்க, 'மூணு மணி நேரம் தேடினேன், அறுநூறு குடுங்க'ன்னா சண்டைக்கு வர்றாங்க. 'ஒரு டியூப்புக்கு அறுநூறா'ன்னு கேக்குறாங்க. அப்புறம் எவன் உக்காந்து தேடுவான்? பார்ட்டை மாத்திப் பொழைக்கிறதுதான் லேசு."

முதலில் பார்த்த தம்பி என்னை ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் எதற்குக் காசு கொடுப்பார் என்று அவருக்குத் தெரியும், அதை விற்றார். அவரை அப்படிப் பழக்கியது என்னைப் போன்றவர்கள்தான். சாமானுக்குத்தான் காசு, யோசனைக்கு இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால் ஊரில் யோசிக்கிற மெக்கானிக் இருக்க மாட்டான். மாட்டுகிற மெக்கானிக் மட்டும்தான் மிஞ்சுவான்.

"கண்டுபிடிக்கவே இல்லாவிட்டாலும் பீஸ் கொடுக்கணுமா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாக்டர் மாத்திரை எழுதாமல் "ஒன்றுமில்லை, போங்க" என்றாலும் பீஸ் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்? மெக்கானிக்கிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: பார்க்க எவ்வளவு, எத்தனை மணி நேரம், பார்த்த பிறகு எந்த இடம் என்று கண்ணால் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் எதையும் மாற்ற வேண்டாம். இப்படிப் பேசினால் இரண்டு பக்கமும் மரியாதை இருக்கும்.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2010 பிப்ரவரியில் மாருதி நிறுவனம் ஏ-ஸ்டார் கார்கள் 1 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. காரணம், பெட்ரோல் பம்ப்பில் இருக்கும் ஒரு கேஸ்கெட் வழியாகக் கசிவு வரலாம் என்பது. 2014 ஏப்ரலில் எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் என்று 1,03,311 வண்டிகளைப் பெட்ரோல் ஊற்றும் வாய்க்குழாயை மாற்ற அழைத்தார்கள். பங்கில் தானாக நின்ற பிறகும் மேலே மேலே ஊற்றினால் அந்த வண்டிகளில் பெட்ரோல் வாடை வரலாம், அபூர்வமாகக் கசியவும் செய்யலாம் என்று அவர்களே சொன்னார்கள். எந்த இடம், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செய்த வண்டி என்று கண்டுபிடித்துத்தான் அழைத்தார்கள். கண்டுபிடிப்பதன் மதிப்பு கம்பெனிக்குத் தெரிகிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

இந்தக் கதையைச் சொன்னதும் பலபேர், "எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால்தான்" என்கிறார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே விளக்கம் கொடுத்தது. ஆகவே பழைய வண்டிக்காரர்கள் குழாய்களை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் என் குழாய் வெடித்தது எத்தனாலால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். 12 வருஷ ரப்பர், திண்டுக்கல் ஜில்லா வெயில், இறுக்கிய கிளிப் எல்லாம் சேர்ந்திருக்கலாம். சோதிக்காமல் எத்தனால் மேல் பழி போட்டால், மோந்து பார்த்தே கேனிஸ்டர் என்றவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

திருவிழாவுக்குக் கிளம்பும் முன் இவற்றை மட்டும் செய்யுங்கள்.

1. காருக்குள்ளோ, நிறுத்தின இடத்திலோ பெட்ரோல் வாடை ஒரு நாளைக்கு மேல் இருந்தால் வாசனை டப்பா தொங்கவிடாதீர்கள். பெட்ரோலில் இருக்கிற பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. குழந்தை "நாறுது" என்றால் நம்புங்கள்.

2. வாடை இருக்கிற வண்டியை வீட்டோடு ஒட்டிய மூடிய ஷெட்டில் நிறுத்தாதீர்கள். அதன் பக்கத்தில் விளக்கு, அடுப்பு, சூடம், பீடி எதுவும் கூடாது. சொட்டுவது கண்ணில் பட்டால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

3. பங்கில் துப்பாக்கி தானாக நின்றதும் போதும் என்று சொல்லுங்கள். "ரவுண்டா போட்டுறவா சார்?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலே ஊற்றுகிற அந்தப் பெட்ரோல் கரி டப்பாவுக்குள் போய் அதைக் கெடுக்கும்.

4. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியை டிக் டிக் என்று சத்தம் வரும் வரை திருகுங்கள். காசில்லாத வைத்தியம் இது. பல வண்டிகளில் இதோடு முடிந்துவிடும்.

5. மெக்கானிக்கிடம் "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால் "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். காட்டினால், பார்த்ததற்கும் சேர்த்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. விடைத்தாள் திருத்தும்போது கணக்கில் கடைசி விடை தப்பென்றால் சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போன நாட்கள் எனக்கும் உண்டு. எந்த வரியில் பிள்ளை வழி தவறினான் என்று தேட நேரம் இருந்ததில்லை, அல்லது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இந்த மாணவனும் என்னிடம் 38 மார்க் வாங்கியவன்தான். என் வண்டியில் அவன் ஒவ்வொரு இடமாகத் தேடினான். நான் அவன் தாளில் அப்படித் தேடியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது வண்டியில் வாடை இல்லை. பொங்கலுக்குப் பேத்தி வருகிறாள், காரில்தான் கூட்டிப் போகப் போகிறேன். அடுத்த கார்த்திகைக்கு நடைப்படியில் விளக்கு வைக்கலாமா என்று வீட்டம்மா கேட்டாள். வை, அன்றைக்குக் காரை வெளியே நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லோரும் நல்லபடியாக வந்து சேருங்கள். வரும்போது வீட்டுக்கும் வாருங்கள். சூறைவிட்ட பழத்தில் இரண்டாவது பிடித்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்
சேவுகம்பட்டி